செவ்வந்தியின் தப்புகள்

“அய்யோ, போச்சே! நாப்பது வரியும் போச்சே!”

மத்தியானம் மூன்று மணிக்குச் செவ்வந்தி மறுபடியும் கத்தினாள்.

எதிர் மேசையில் காளிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். அவளுடைய கம்ப்யூட்டரின் முதுகும் இவருடையதன் முதுகும் ஒட்டி நிற்கும். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

கணபதிப் பகுதியில் இருந்த அந்தப் பம்புசெட் கம்பெனியில் ஒன்பது வருசமாகப் புரோகிராம் எழுதுகிறவர் காளிச்சாமி. இத்தனை நாளும் கீபோர்டிலேயே எல்லாம் முடிந்தது. எந்த வரியை அழிப்பது, எதை இடம் மாற்றுவது என்று விரலுக்கே தெரியும். தொண்ணூற்றேழாம் வருசத் தீபாவளி கழிந்ததும் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. கூடவே மவுஸ். புரோகிராம் எழுதுகிற சாப்ட்வேரும் மாறிவிட்டது. எதற்கெடுத்தாலும் மவுஸைப் பிடித்து, திரையில் ஓடுகிற அம்பை நகர்த்தித் தொட வேண்டும்.

மேனேஜர் ரவிக்குமார் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்.

“சனிக்கிழமை என்ற முன்னாடி உக்காந்து, புதுசுல ஒரு புரோகிராமைத் திருத்திக் காட்டோணுமுங்கண்ணா. முடியலீன்னா பெருந்துறைக் குடோனுதானுங்க. முதலாளி உத்தரவு, நானென்ன பண்ணட்டும்?”

குடோன் என்றால் மோட்டார்களை லாரியில் ஏற்றிவிடுகிற இடம். ஒன்பது வருசம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதிய மனுசன், அங்கே போய் என்ன செய்வார்?

செவ்வந்தி வேலைக்கு வந்து ஐந்து மாதம். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் படித்தவள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மேனேஜர் சொன்ன அன்றைக்கே எழுந்து காளிச்சாமியிடம் வந்தாள்.

“அண்ணா, நான் வேணா காட்டட்டுங்களா?”

“நானு புரோகிராம் எழுத வந்தப்ப நீ சிலேட்டுப் புடிச்சிட்டிருந்திருப்ப. போயி உன்ற வேலையப் பாரு அம்மணி.”

போய்விட்டாள். போனவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்தாளா? செவ்வாய்க்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள்.

“இந்த அம்பு பாதி வழியிலயே நின்னுபோச்சே! அட, மேசை தீந்துபோச்சு. மவுஸைத் தூக்கி நடுவுல வெச்சு மறுக்கா நகத்துனா வருது. நானொரு மக்கு!”

தரை துடைத்துக்கொண்டிருந்த மாசாணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காளிச்சாமியின் மவுஸும் அப்போது மேசை ஓரத்தில் தண்ணீர்ச் செம்பை முட்டிக்கொண்டுதான் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரும் தூக்கி நடுவில் வைத்தார்.

புதன்கிழமை, “மவுஸை ரெண்டு தட்டும் வெடுக்குன்னு தட்டோணுமாட்ட இருக்குது, கை அசைஞ்சா ஆகமாட்டேங்குது” என்று ஒரு புலம்பல்.

இன்றைக்கு வியாழன். நாற்பது வரி போய்விட்டதாம்.

“வரியெல்லாம் மவுஸால இழுத்துக் கருப்பாக்கி வெச்சுட்டு, தெரியாம ஒரு எழுத்தைத் தட்டிப்போட்டேன். அத்தனையும் அழிஞ்சுபோச்சு! மேல எடிட்டுன்னு இருக்குதே, அதைத் தொட்டு அன்டூவை அமுக்குனா... அப்பாடா! போனதெல்லாம் வந்துருச்சு!”

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. ரவிக்குமார் வாசலில் நின்றார்.

“செவ்வந்தி, இது ஆபீசா, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டா?”

“தப்பு வந்துபோச்சுங்க சார்.”

“தெனமுந்தான் வருது. சர்ட்டிபிகேட்டு மட்டும் பெருசா வெச்சிருக்கற!”

காளிச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “படிச்ச புள்ளையே இந்த லட்சணம்” என்றார் சத்தமாக.

வெள்ளிக்கிழமையும் அவள் ஓயவில்லை.

சனிக்கிழமை. கண்ணாடி அறைக்குள் காளிச்சாமி உட்கார்ந்தார். பக்கத்தில் ரவிக்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மவுஸ் நகர்ந்தது. அம்பும் நகர்ந்தது. வரிகளையெல்லாம் இழுத்துக் கருப்பாக்கினார். அவ்வளவுதான், விரல் ஏதோ ஒரு எழுத்தில் பட்டுவிட்டது.

திரை வெள்ளையாகிவிட்டது. புரோகிராம் மொத்தமும் காணோம்.

காளிச்சாமிக்குப் பெருந்துறை பஸ்ஸே கண்ணுக்குத் தெரிந்தது.

அப்புறம் திடீரென்று சிரித்தார்.

“இது அந்தப் புள்ள பண்ற தப்பாச்சுங்களே!”

மேலே போனார். எடிட்டைத் தொட்டார். அன்டூவை அமுக்கினார். போனதெல்லாம் வந்து நின்றது.

ரவிக்குமார் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். “பெருந்துறையெல்லாம் வேண்டாமுங்கண்ணா. நீங்க இங்கயே இருங்க.”

கையோடு கதவைத் திறந்து வெளியே பார்த்தார்.

“செவ்வந்தி, உன்ற வேலைய நிரந்தரமாக்கறதை மூணு மாசம் தள்ளி வெச்சிருக்கறேன். அவரே கத்துக்கிட்டாரு. நீ இன்னும் தப்பு மேல தப்பு.”

“சரிங்க சார்” என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

காளிச்சாமிக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. தன் மேசைக்கு வந்து, கம்ப்யூட்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“கலங்காத அம்மணி. திங்கக்கிழமையிலிருந்து நானே உனக்குச் சொல்லித் தர்றேன்.”

“சரிங்கண்ணா.”

அவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வெளியே போனார்.

வாளியோடு வந்த மாசாணியம்மாள் செவ்வந்தியின் காதருகே குனிந்தாள்.

“ஏங்கண்ணு, வாரம் பூரா மத்தியானமானா நீ உன்ற கம்ப்யூட்டருப் பொட்டிய அணைச்சுப்போட்டுத்தான உக்காந்திருந்த? இருட்டுப் பொட்டியில எந்த நாப்பது வரி போச்சுன்னு அப்படிக் கத்துன?”