பேர் வெட்டிய குடம்

பொண்டாட்டியை இந்தியக் குடிமகளாக்குவதற்காகப் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்த புருஷன், ராஜபாளையத்திலேயே காசிராஜன் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

தங்கபாய் பினாங்கில் பிறந்தவள். அப்பாவோடு அவருடைய சொந்த ஊரான தேவதானத்துக்கு வந்த இடத்தில், மில் ஃபிட்டர் காசிராஜனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அப்பா கப்பலேறுவதற்குள் அவசரக் கல்யாணம். பத்திரிகை அடிக்கவில்லை, பதிவும் பண்ணவில்லை. போட்டோ பிடிக்க வந்த மகராசன் கேமராவில் ஃபிலிம் ரோலே மாட்டாமல் பளிச் பளிச்சென்று வெளிச்சம் மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தான்.

ஒன்பது வருஷமாக வருஷா வருஷம் விசாவுக்கு அலைந்து அலுத்துப்போய், இப்போதுதான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்டர்வியூ. கல்யாணம் என்றைக்கு நடந்தது என்று அத்தாட்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால், விசா முடிந்ததும் தங்கபாய் பினாங்குக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் காசிராஜனுக்கு மூளை வேலை செய்தது.

"ஏட்டி! கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல நம்ம பேரும் தேதியும் வெட்டியிருக்கும்லா? பரண் நெறயச் சாட்சிய வச்சிக்கிட்டு ஊரெல்லாம் அலையுதோமே!"

ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அண்டாவைத் தேய்த்ததும் எழுத்து பளிச்சென்று வந்தது. தங்கபாய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சங்கையா, வெள்ளத்தாய்... இது யாருங்க?"

"எங்க பெரியப்பாவும் பெரியம்மாவும். அடப்பாவி! அவிய கல்யாணத்துக்கு வந்த அண்டாவ நம்ம தலையில கட்டிட்டாவளா?"

குத்துவிளக்கில் யாரோ ஒருவரின் புதுமனை புகுவிழா. தாம்பாளத்தில் எவரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து.

"சித்தப்பா குடுத்த செம்பப் பாருங்க" என்று நீட்டினாள் தங்கபாய். "சாக்கு ஓட்டப் பந்தயம், மூணாம் பரிசு!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அது நிஜமான அழுகையாகிவிட்டது. அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுப் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தவர்கள்!

"வந்தவங்களாவது இப்படிக் குடுத்தாங்க. உங்க அக்கா வரவே இல்லையே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அவ பேச்ச எடுக்காத. கூடப்பொறந்தவன் கல்யாணத்துக்கு எட்டிப் பாக்காதவ. எம்புட்டுத் திமிரு!"

அக்கா ஆவுடையம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போன வாரம் ரேஷன் கடையில் யாரோ இந்த இன்டர்வியூ விஷயத்தைச் சொல்லி விசாரித்ததற்கு, "கல்யாணமா? நான் பாக்கலையே" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து காசிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அதிகாரி ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேர் இருக்கு சரி. கல்யாணத் தேதிக்கு என்ன ஆதாரம்?"

காசிராஜன் தங்கபாயைத் திரும்பிப் பார்த்தான். மூணாம் பரிசுச் செம்பையா காட்ட முடியும்?

அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு சாக்குப் பையுடன், பஸ்ஸில் நசுங்கி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள் ஆவுடையம்மாள். கெடுக்கவே வந்துவிட்டாள்!

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"இவன் அக்கா."

"இவங்க கல்யாணத்தை நேர்ல பார்த்தீங்களா?"

"இல்லய்யா. நான் போகல."

தங்கபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பினாங்கு துறைமுகமே தெரிந்தது.

ஆவுடையம்மாள் சாக்கை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பித்தளைக் குடம். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத புதுக் குடம். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"காசிராஜன், தங்கபாய் திருமணம். பத்து, ஒன்பது, எழுபத்தொன்பது. அன்பளிப்பு, அக்கா ஆவுடையம்மாள்."

படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து வெட்டிட்டு வரலைன்னு எப்படி நம்புறது?"

"கழுத்துல கடை முத்திரை இருக்கு பாருங்கய்யா. கடைய மூடி ஆறு வருசமாச்சு. பேரு வெட்டுன ஆசாரியும் போய்ச் சேந்துட்டாரு. அவரு எழுந்து வந்தா வெட்டுவாரு?"

அதிகாரி சிரித்துவிட்டார். குடத்தை ஃபைலில் கோக்க முடியாதே! அதனால் பியூன் எழுத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தான். தாளில் இரண்டு பேரும் ஜோடியாக எழுந்து வந்தார்கள். அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டார்.

"சிபாரிசு பண்ணி அனுப்புறேன். இனி கவலை இல்லை."

காசிராஜனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பியூனைக் கட்டிப்பிடித்தான். தங்கபாய் சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். "மதினி!" என்று ஆவுடையம்மாளின் கையைப் பற்றிக்கொண்டவள், விடவே இல்லை.

அதிகாரி மட்டும் இன்னும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசையா பேர் வெட்டி வச்சிருக்கீங்க. பிறகு ஏம்மா கல்யாணத்துக்குப் போகல?"

காசிராஜன் அவசரமாகக் குனிந்து சாக்கை மடிக்க ஆரம்பித்தான்.

"பட்டுச்சேலையக் கட்டி, குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு, முகூர்த்தம் முடியிற வரைக்கும் எங்க வீட்டு வாசல்லயேதான்யா நின்னேன்" என்றாள் ஆவுடையம்மாள். "வெத்தலபாக்கு வச்சுக் கூப்பிட என் தம்பி வருவான், வருவான்னு."