மாதம் தவறாமல்

"மாத்திரையைக் குறைக்காதீங்க டாக்டரே. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

ராகேல் இப்படிச் சொன்னதும், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷிபா தலையைத் தூக்கினார்.

"சேச்சி, உங்க உடம்புல ரத்தமே இல்ல. மாசாமாசம் இப்படிக் கொட்டினா எங்கேருந்து இருக்கும்? ஸ்கேன்ல பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாம் இந்த ஹார்மோன் மாத்திரையாலதான். டோஸைக் குறைச்சு, ரத்தமே வராத வேற மாத்திரைக்கு மாத்திடலாம். ராத்திரி வேர்த்துக் கொட்டாது, தூக்கமும் வரும். மாசாமாசம் வாறது மட்டும் நின்னுடும்."

"அது நிக்க வேண்டாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க வாறவங்க எல்லாரும் நிறுத்தித் தாங்கன்னுதான் கேப்பாங்க. உங்களுக்கு வயசு நாப்பத்தொன்பது. தானா வந்துட்டிருந்தது எப்பவோ நின்னு போச்சு. இப்ப வாறது மாத்திரை வரவழைக்கிறது. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

அவர், கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்கிற ஞானையன். கடையை ஒரு நாளும் பூட்டாத மனிதர், மனைவிக்குத் தலைசுற்றல் என்றதும் இன்று பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சா என்ன?"

ராகேல் முந்தானையைக் கையில் சுருட்டினாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அவர்களுக்கு ஜினு ஒரே பிள்ளை. காலேஜ் விட்டு வரும்போது பைபாஸில் ஒரு லாரி. அவனை அடக்கம் பண்ணிய சில மாதங்களிலேயே அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. உடம்பு தீயாய் எரிந்தது, ராத்திரியில் பாய் நனைந்தது. மகனைப் பறிகொடுத்தவளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று அவள் அதை யாரிடமும் சொல்லவேயில்லை. சர்ச் பாடகர் குழுவில் அவளோடு பாடும் ஒரு பெண்தான் இழுத்துக்கொண்டு வந்து இந்த டாக்டரிடம் காட்டினாள்.

"முதல்ல நீங்க மாத்திரை தந்த அன்னைக்கு, அட்டையை அவரு கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இது பிள்ளை உண்டாகுறதுக்கான்னு கேட்டாரு. ஜினு போனபிறகு அவரு என் முகத்தைப் பாத்துப் பேசினது அன்னைக்குத்தான். நான் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அதிலிருந்து தினமும் ராத்திரி முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுவாரு. இன்னொரு பிள்ளையைத் தாரும் ஆண்டவரேன்னு. மாசாமாசம் வந்துச்சான்னு கேப்பாரு. ஆமான்னு சொன்னா, சாரமில்ல பிள்ளே, அடுத்த மாசம் பாப்போம்னு சொல்லிட்டுக் கடைக்குப் போவாரு. இது வாற வரைக்கும் அவருக்கு ஒரு வழி திறந்து கிடக்கு டாக்டரே. நின்னுட்டா, ஜினுவை ரெண்டாவது தடவை குழிக்குள்ள வைக்கிற மாதிரி."

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "நான் வேணும்னா அவரைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லிடணும். இதுக்கு மேல பழைய மாத்திரையை நான் எழுத மாட்டேன். ரத்தம் இன்னும் குறைஞ்சா நீங்க எங்கேயாவது விழுந்து கிடப்பீங்க சேச்சி."

புதிய மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு ராகேல் வெளியே வந்தாள். ஞானையன் எழுந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க?"

"வெளிய போய்ச் சொல்றேன்."

பேருந்து நிறுத்தத்தில் கூட்டமில்லை. மழை விட்டிருந்தது, இருக்கையெல்லாம் ஈரம். ஞானையன் தோளில் கிடந்த துண்டால் துடைத்து அவளை உட்கார வைத்தார். கிழக்கேகோட்டை பஸ் வந்து நின்றது. அவர் கை நீட்டி அவளை எழுப்பப் பார்த்தார். அவள் எழவில்லை. பஸ் போய்விட்டது.

"தலை சுத்துதா?"

"இல்ல. நான் ஒண்ணு சொல்லணும், கேட்டியளா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நான் தின்னுட்டிருந்த மாத்திரை பிள்ளை உண்டாகுறதுக்கு உள்ளதில்ல. எனக்கு எல்லாம் நின்னுபோய் நாளாச்சு. உடம்புக்காகத் தந்தது. மாசாமாசம் வந்ததும் மாத்திரையால வந்ததுதான். இனி அதுவும் வராது." அவள் மாத்திரைச் சீட்டை மடியில் விரித்தாள். "நமக்கு இனி பிள்ளை கிடையாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல முடியல."

ஞானையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

"தெரியும் பிள்ளே," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"அது எதுக்கு உள்ள மாத்திரைன்னு. ரெண்டாவது அட்டை வாங்கப் போனப்பவே மருந்துக்கடை விஜய்குமார் சொல்லிட்டான்."

ராகேல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டுதானா மாசாமாசம் கேட்டிய? தெரிஞ்சுக்கிட்டுதானா ராத்திரி ராத்திரி பிள்ளை வேணும்னு ஜெபம் பண்ணினிய?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ நம்பிக்கிட்டு இருக்கேன்னுல்லா நான் நினைச்சேன். உனக்குக் கேக்கணும்னுதான் சத்தமா ஜெபம் பண்ணினேன்."