பன்னிரண்டு பேரில் ஒருத்தி

மாலை ஐந்து மணி வெயில் ஓமந்தூர் சாலையில் சாய்ந்து கிடக்கிறது. கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டுத் திரும்பும் பன்னிரண்டு பெண்களோடு அந்தக் குட்டியானை வண்டி தூரத்தில் தெரிகிறது. "டிரைவரு குடிச்சிட்டு ஓட்றாருங்க, வண்டிலதான் இருக்கேன்" என்று போலீசுக்குப் போன் போட்டு, வண்டி நம்பரும் சொல்லிவிட்டு வைத்தவள் அவர்களில் ஒருத்தி. "அவளுக்கே திருப்பிப் போன் போட்டுக் கேக்கட்டுமா சார்?" என்கிறார் சாலைத் தடுப்பருகே நிற்கும் ஏட்டு ஜெகதீசன். "பேஜாரு பண்ணாதய்யா! மணி அடிச்சா அவ மாட்டிக்குவா" என்று எஸ்.ஐ. சுப்பராயலு அவர் கையைப் பிடிக்கிறார். கூடவே இருந்து பார்ப்பவள் சொன்னது. நிறுத்துவதற்கு அதுவே போதும். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால், சொன்னவள் யாரென்று டிரைவர் தேடுவான். நாளைக்கும் அவர்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவன் அவன்தான். சுப்பராயலு விசிலைக் கடித்தபடி, வரும் வண்டியின் சக்கரத்தையே பார்க்கிறார். லத்தி தடுப்பில் தட்டிக்கொண்டே இருக்கிறது. முன்சக்கரம் வெள்ளைக்கோட்டில் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி தாண்டுகிறது. விசில் அலறுகிறது. வண்டி குலுங்கி நிற்கிறது. "எவ சார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டு இறங்கும்போதே தள்ளாடுகிறான் டிரைவர். "ரெண்டு தபா கோட்டத் தாண்டினே, நானே பார்த்தேன். ஊது." பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். சுப்பராயலு ஒருத்தி முகத்தையும் பார்க்காமல் தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.