நாலாம் தலைமுறை

“இதுர எடை என்ன வரும், காக்கா?”

விஜிதரன் இப்படிக் கேட்டதும் ஜிப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை, விற்க வைத்திருந்த காரைப் பார்க்க அவருடைய காத்தான்குடி வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் லீட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு வாய்த் தேநீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் அவர்.

கட்டாரில் வெயில் குடித்து உழைத்து வாங்கிய ஜெர்மன் கார். எஞ்சின் நின்று பல மாரிகாலம் போய்விட்டது, கொழும்பிலும் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. “பெருநாளைக்குள்ள இது போகணும், இல்லாட்டி நான் போவன்” என்று மனைவி நஸீபா சொல்லிவிட்டாள்.

“எடைதான் தம்பி விசயமே! முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி. வளைவுல றோட்டக் கவ்விட்டுப் போகும்!”

ஜிப்ரி காரின் சரித்திரத்தைத் தொடங்கினார். முதலாம் தலைமுறைக்கு இரண்டே கதவு, இரண்டாவதில் நாலு கதவு வந்தது, மூன்றாவதில் விளக்குகளுக்குக் கண்ணாடி மூடி போட்டார்கள், நாலாவதான இதில்தான் அழகு முற்றிப் பழுத்தது. தேநீரோடு வந்த நஸீபா, இரண்டாம் தலைமுறையே முடியவில்லை என்று கண்டு உள்ளே திரும்பிப் போனாள்.

விஜிதரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். “கண்ணாடியெல்லாம் கழட்டலாமா, காக்கா?”

“காத்து முகத்துல அடிக்க ஓடணும் எண்டு ஆசை! நீங்கதான் தம்பி மனிசன்!”

“எங்கட சங்கத்துக்கு நல்லாப் பிடிக்கும். செட்டிபாளையத்துல இப்பிடியொண்டு இதுவரைக்கும் இல்ல.”

காரை ரசிக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம்! தான் இத்தனை காலமும் தனியாள் இல்லையே என்று ஜிப்ரி நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“விலையே பேசாதீங்க. அருமை தெரிஞ்ச கைக்குப் போகுது, எனக்கு அது போதும்.”

தெருவில் நின்ற லொறியிலிருந்து நாலைந்து பேர் கயிறுகளோடு இறங்கினார்கள். ஜிப்ரி உடுத்திருந்த சாரன் ஓரத்தால் பொனட்டைக் கடைசித் தடவையாகத் துடைத்தார். பிஸ்மி சொல்லி, காரின் திறப்பை எடுத்து விஜிதரனின் உள்ளங்கையில் வைத்தார்.

அவன் அதை மெல்ல அவர் கையிலேயே திருப்பி வைத்தான்.

“திறப்பு வேணாம், காக்கா. நாளைக்கு எங்கட மீன்பிடிச் சங்கத்தால இதக் கடலுக்கடியில இறக்கப்போறம், மீன் குடியிருக்க.”