ஒன்பது மணிக்கு அடிக்கும் மணி

கட்டட வரைபடம் போடுகிறவருக்குக் கடைசி ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதமாகிவிட்டது. அனுப்பிய விண்ணப்பமெல்லாம் கிணற்றில் போட்ட கல். இல்லை என்று சொல்லக்கூட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டிலேயே முடங்கினால் மனசு துருப்பிடித்துவிடும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூ மாட்டி, ஃபைலோடு கிளம்புவார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சரியாக ஒன்பது மணிக்குத் தன் வீட்டு மணியையே அடிப்பார். "வாங்க சார், இன்னைக்கும் லேட்டா?" என்று மனைவி சிரித்துக்கொண்டே திறப்பாள். ஹாலில் இருக்கும் மேஜைதான் ஆபீஸ். அதில் உட்கார்ந்து தினமும் பத்து விண்ணப்பம் அனுப்புவார்.

இன்று மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். சிரிக்கவில்லை. உள்ளே மேஜையில் யாரோ போனில் பேசுவது கேட்டது. "திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடலாம் சார்." அது அவருடைய குரல். முதுகு தெரிந்தது. இவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. காலையில் அவர் அவசரத்தில் காலரில் தீய்த்துவிட்ட இஸ்திரி அடையாளம்கூட இருந்தது.

"யாருங்க வேணும்?" என்றாள் மனைவி.

"நான்தான்..." என்றார்.

ஃபைலைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. உள்ளே திரும்பி, "என்னங்க, யாரோ வேலை கேட்டு வந்திருக்காரு. பாவமா இருக்கு," என்றாள்.

"இப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லு. ஃபைலை வாங்கி வை, இருந்தா கூப்பிடலாம்."

அவர் ஃபைலை நீட்டினார். கதவு மூடிய பிறகும் படியிலேயே நின்றார். வெட்கங்கெட்ட மனசு கொஞ்சம் லேசாகியும் இருந்தது. ஐந்து மாதத்தில் ஒருவர் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.