அறுபது இயந்திரங்களும் ஒரு கொசுவும்

அறுபது இயந்திரங்கள் கொண்ட அந்த இசைக்குழு, மேடையில் எந்தக் கை அசைந்தாலும் அதன்படி வாசிக்கும். அதை நடத்தும் தேர்வில் மாணவி பெவினா இரண்டு முறை தோற்றிருந்தாள். இதுதான் கடைசி வாய்ப்பு. பாதி வாசிப்பில் கழுத்தில் ஒரு கொசு கடித்தது. பட்டென்று அடித்துவிட்டாள். முரசுகள் இடியாய் முழங்கின.

"ஐயோ, கையை ஆட்டாதம்மா!" என்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார் அவளுடைய ஆசிரியர் ஞானதாஸ். உடனே வயலின்கள் அவர் கைகளைப் பின்பற்றத் தொடங்கின. அவர் பதறப் பதற வேகம் கூடியது. தேர்வாளர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சார், அசையாம நில்லுங்க!" என்றாள் பெவினா. அவர் சிலையாக நின்றார். அவள் ஒரு கையை உயர்த்தி, விரல்களை மெல்ல மூடினாள். அரங்கம் அமைதியானது.

"நீ பாஸும்மா," என்றார் தலைமைத் தேர்வாளர். "உங்க சாருக்குத்தான் மறுபடியும் பரீட்சை வைக்கணும்."