கரை தொடாத பாலம்

ஆண்டிஸ் மலையாற்றின் மேல் புதுப் பாலம் வெயிலில் பளபளக்கிறது. அதில் எப்படி ஏறுவது என்றுதான் பாசிலியாவுக்குத் தெரியவில்லை. முதுகில் கட்டிய துணிக்குள் குழந்தை காய்ச்சலில் முனகுகிறது. மருத்துவமனை அக்கரையில் இருக்கிறது. கீழே செம்மண் வெள்ளம் இரைகிறது. பாலம் என்றால் நடுவிலுள்ள தளம் மட்டுமல்ல. இரு முனைகளிலும் மண்ணைச் சரிவாகக் கொட்டிச் சாலையோடு சேர்க்க வேண்டும். அந்த மண்ணுக்கான பணத்தை மேயர் விழுங்கிவிட்டார். தளம் அவள் தலைக்கு மேலே நிற்கிறது.

“‘திருடினாலும் வேலை செய்வாரு’ன்னு வீடு வீடா ஓட்டு கேட்டியேக்கா! பாதி வேலை செஞ்சிருக்காருல்ல?” என்கிறான் பக்கத்து வீட்டுச் சத்துர்னினோ, தோளில் ஏணியோடு.

“நீ போடலையாக்கும்?”

அவன் சிரிப்பு அடங்குகிறது. “போட்டேன்க்கா.”

ஏணி ஒன்றுதான். ஏறியதும் அதை மேலே இழுத்து, மறுமுனைக்குத் தூக்கிப்போய், அங்கே இறக்கி, அதிலேயே இறங்குகிறார்கள்.